அசையாத கண்

ஜூன் 7

அன்புள்ள சின்னதுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டை பஸ்ஸிலேயே தின்று தீர்த்துவிட்டேன். எல்லாம் சரி, சான்றிதழ் எங்கேடி? கூடப்பிறந்தவள் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள், காரியம் சுலபமாக முடியும் என்று நம்பி வந்தேன். நீ என்னடாவென்றால் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு "அப்புறம் அனுப்புறேன்" என்கிறாய். திரையில் வந்ததையெல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் படபடவென்று வாசித்தேனே. உங்கள் டாக்டரே அசந்துபோனார்.

இந்த மாதத்துக்குள் பார்வைச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் ஸ்கூல் வேன் சாவியை வாங்கிக்கொள்வார்களாம். உன் மாமா தவறிப்போன பிறகு எனக்கென்று இருப்பது அந்த வேன் ஒன்றுதான். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் கிறுக்குப் பிடித்துவிடும். சீக்கிரம் அனுப்பு.

உன் அக்கா

ஜூன் 12

அன்புள்ள அக்கா,

கோபித்துக்கொள்ளாதே. உன் வாய் நன்றாகத்தான் வாசித்தது. கண்தான் வாசிக்கவில்லை.

வாசிக்கும்போது யாருக்கும் கண் சும்மா இருக்காது. வரியில் தத்தித் தத்திப் போகும், நின்று நின்று பார்க்கும், வரி முடிந்ததும் அடுத்த வரிக்குத் தாவும். திரைக்குக் கீழே இருக்கிற கேமரா அதைக் கோடாகப் போட்டுக் காட்டும். பார்வை குறைந்தவர்களுக்கு அந்தக் கோடு சிக்கலாகும், வேகமும் குறையும். உனக்கு வேகம் என்னைவிட அதிகம். ஆனால் கோடே இல்லை, ஒரே ஒரு புள்ளி. கேமரா கெட்டுவிட்டதோ என்று லிஃப்ட்காரரை உட்கார வைத்துப் பார்த்தேன். அவருக்கு ஒழுங்காகத்தான் வந்தது.

மனப்பாடம் என்றும் நினைக்க வழியில்லை. அந்தப் பத்தியை அன்று காலையில் நானே டைப் அடித்தேன், யாருக்கும் காட்டவில்லை. எப்படி வாசித்தாய்? உண்மையைச் சொல். அதுவரை கையெழுத்துப் போட எனக்குக் கை வராது.

உன் சின்னது

ஜூன் 17

சின்னதுக்கு,

போலீஸ்காரி மாதிரி கேட்கிறாய். சொல்கிறேன், உங்கள் டாக்டரிடம் போட்டுக்கொடுக்காதே.

போன வருஷத்திலிருந்தே நேராகப் பார்க்கிற இடத்தில் ஒரு மசமசப்பு. உன் முகம்கூட ஓரப்பார்வையில்தான் தெரிந்தது. உன் மாமாதான் எனக்கு வாசிக்கிறார். வழக்கம்போலத் தொண்டையைச் செருமிவிட்டு, காதோரமாக. அவர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொல்கிறேன், அவ்வளவுதான். உன் கடிதத்தையும் அவர்தான் வாசித்தார்.

வேனிலும் அப்படித்தான். "செவப்பு விழுந்துடுச்சு, நில்லு." "இடது பக்கம் சைக்கிள் வருது." உயிரோடு இருந்தபோது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இதையேதான் சொல்வார். வாயை மூடிக்கிட்டு வாங்க என்று எரிந்து விழுவேன். இப்போது அந்தக் குரல் இல்லாமல் என்னால் தெருவில் இறங்க முடியாது. ஒரு நாள்கூட அவர் தப்பாகச் சொன்னதில்லை. கிறுக்கச்சி என்று வேண்டுமானால் நினைத்துக்கொள், கையெழுத்தைப் போட்டுவிடு.

அக்கா

ஜூன் 24

அக்கா,

தனிமை உன்னை இப்படிப் பேச வைக்கிறது என்று நினைத்து அழுதேன். அப்புறம் அன்றைய பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

தப்பு என்னுடையது. பொத்தானை மாற்றி அழுத்தியிருக்கிறேன். உன் திரையில் வந்தது தையல்கடையைப் பற்றிய பத்தி. நீ வாசித்தது மழையில் நனைந்த நாயைப் பற்றி. அது என் திரையில் மட்டும்தான் இருந்தது. நானும் அதைப் பார்த்தே சரிபார்த்ததால் அன்று பிடிபடவில்லை. என் திரை உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கும். அதை வாசிக்க வேண்டுமானால் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும்.

இப்போதெல்லாம் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுத்தான் உட்காருகிறேன். அப்படியும் பிடரி கூசுகிறது.

நீ சொன்னதை நம்புகிறேன். நம்புவதால்தான் கையெழுத்துப் போடமாட்டேன். ஒரு நாள் மாமா பேசாமல் இருந்துவிட்டால் என்ன செய்வாய்? வேன் நிறையப் பிள்ளைகள், அக்கா. ஸ்கூலுக்கும் சொல்லிவிட்டேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, என்னை ஒதுக்கிவிடாதே.

சின்னது

ஜூன் 30

சின்னதுக்கு,

நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு டீச்சர் இதை எழுதுகிறார். வேன் சாவியைக் கொடுத்துவிட்டேன். உன்மேல் எனக்குக் கோபம்தான்.

உன் கடிதத்தை உன் மாமாதான் வாசிக்க ஆரம்பித்தார். "கையெழுத்துப் போடமாட்டேன்" என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். கெஞ்சினேன். "உனக்கு இனிமே ரோடு இல்ல. அவளுக்குத்தான் நான் வேணும். அன்னிக்கு அவ கண்ணைப் பார்த்தேன்" என்றார். அதற்கப்புறம் ஒரு செருமல்கூட இல்லை. மிச்சத்தை டீச்சர்தான் வாசித்தார்.

கோபம் ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்த மெஷினில் நீயே ஒரு தடவை உட்கார்ந்து பாருடி. எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா

ஜூலை 5

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. கோபம் என்று இரண்டு இடத்தில் சொல்லியிருக்கிறாய், பயம் என்று ஒரு இடத்தில். டீச்சர் எழுத்து உருண்டை உருண்டையாக இருக்கிறதாம்.

மெஷினில் உட்கார்ந்து பார்க்கவில்லை, இனி அது தேவையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வருகிறேன். கொஞ்ச நாள் உன்னோடு இருக்கிறேன், திட்டுவதை நேரிலேயே திட்டு.

கவரை நான் இன்னும் பிரிக்கவில்லை, அக்கா.

உன் சின்னது