ரிங்குக்கு விட்ட இடம்

மார்ச் 4
காய்ச்சல் விட்டு ஒரு மாதம். அதில் போன காது திரும்பவில்லை. டாக்டர் எழுதிக் காட்டினார்: "இனி எதிர்பார்க்க வேண்டாம்." இன்று பட்டறைக்குப் போனேன். லேத் சுற்றுகிறது, சுத்தியல் விழுகிறது, எதற்கும் சத்தமில்லை. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து மேலே நடப்பதைப் பார்ப்பது போல. அழகாகக்கூட இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 7
மேஸ்திரி என்னை என்ஜின் பாகங்கள் கழுவும் தொட்டிக்கு மாற்றிவிட்டார். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றது அவர் உதடு. சத்தத்தை வைத்தே என்ஜினுக்கு என்ன கோளாறு என்று சொன்னவன் நான். இப்போ டீசல்ல நட்டு கழுவுறேன்.

மார்ச் 11
என் மனைவி ஓட்டும் பயணிகள் படகு நடு ஆற்றில் நின்றுபோனது. உள்ளே பதினோரு பேர். நீரோட்டம் பாலத் தூணை நோக்கி இழுக்க, துடுப்பும் கயிறுமாக எப்படியோ கரை சேர்த்திருக்கிறாள். உள்ளங்கை உரிந்து வந்தாள். மருந்து போட்டேன். என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். உதட்டைப் படிக்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 12
என்ஜின் பட்டறைக்கு வந்தது. பிரித்தோம். சிலிண்டர் சுவரெல்லாம் கீறல். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் மேல் ரிங்கின் இரண்டு முனைகளும் முட்டி முட்டிப் பளபளத்தன. நான் படுத்திருந்தபோது ரிங் மாற்றியவன் என்னோடு வேலை பார்க்கும் பையன்; 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவோம். பெயருக்கேற்ற ஆள். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டியிருக்கிறான். சூட்டில் ரிங் நீளும். முனைகளுக்கு நடுவே இடம் விடாவிட்டால் எங்கே போகும்? சுவரைத்தான் பிராண்டும்.
"பதினோரு பேருண்ணே..." என்றான். உதடு நடுங்கியதால் படிக்கவே சிரமம்.
"இதை நான் செய்யறேன்" என்றேன் மேஸ்திரியிடம். கத்திவிட்டேன் போல. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மார்ச் 19
சிலிண்டரைக் கடைந்து கொடுத்துவிட்டார்கள். புது ரிங்கை உள்ளே வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்துத் தள்ளி, கோணாமல் உட்கார வைத்தேன். முனைகளுக்கு நடுவே, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு. 0.40 மி.மீ. தகடு நுழைய வேண்டும், 0.25தான் நுழைகிறது. அரத்தில் இரண்டு இழுப்பு. திரும்ப உள்ளே. திரும்பத் தகடு. ஜன்னல் வெளிச்சம் சிலிண்டருக்குள் வளையமாக மிதந்தது. சத்தமில்லாத இடத்தில் நேரமும் இல்லை. பூட்ட வந்த மேஸ்திரி தோளைத் தொட்டார். பட்டறை காலி.

மார்ச் 20
கனவு கண்டுகொண்டே அரத்தால் அதிகமாக ராவிவிட்டேன். மூன்றாவது சிலிண்டரின் மேல் ரிங் — 0.75. வீண். தேய்த்ததை ஒட்டவைக்க முடியுமா? புதுசு வர ஒரு வாரமாம். பாழாப்போன கை. காதுதான் போச்சு, புத்தியும் கூடவே போயிடுச்சா?
வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "ஒரு வாரம் படகு விடலேன்னா ஆறு கோவிச்சுக்கிட்டுப் போயிடுமா? சாப்பிட வாங்க."

மார்ச் 21
சாப்பிட்டேன். தூங்கினேன்.

மார்ச் 28
ரிங் வந்தது. இன்று அரத்தின் ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் தகடு வைத்துப் பார்த்தேன். 0.40 உள்ளே போகும்போது விரலில் ஒரு மெல்லிய பிடிப்பு — நனைந்த துணியை இழுப்பது போல. பிறகு முனைகள் ஒரே வரிசையில் வராதபடி ரிங்குகளைத் திருப்பி வைத்தேன். அவசரம் பிஸ்டனைப் பிடித்துக்கொண்டான். சத்தம் வரக் கூடாதென்று மூச்சைக்கூட அடக்கி நின்றான். எனக்கு எதற்கு அந்த மரியாதை? சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான்.

ஏப்ரல் 3
ஓட்டிப் பார்த்தோம். எல்லாரும் என்ஜினைப் பார்க்க, நான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன். பிறகு அதுவும் வேண்டாம் என்று கையை என்ஜின் மேல் வைத்தேன். அதிர்வு தோள்வரை ஏறியது. சீராக. எங்கும் இடறவில்லை. அத்தனை காதுகள் சுற்றி நிற்க, படகை வாங்க வந்திருந்த என் மனைவி என்னிடம்தான் கேட்டாள்: "எப்படி இருக்கு?"
"நல்லா கேக்குது" என்றேன்.

ஏப்ரல் 4
தொட்டிக்கு வேறு ஆள் போட்டாயிற்று.

ஜூன் 16
மறுகரையில் மணல் படகு வைத்திருப்பவர் வந்தார். என்ஜின் புகை தள்ளுகிறதாம். மேஸ்திரி என் பக்கம் கை காட்டினார். மனிதர் என் எதிரே நின்று, குழந்தைக்குச் சோறூட்டுகிறவரைப் போல வாயை அகல அகலத் திறந்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். பாதி புரியவில்லை. யார் அனுப்பியது என்று கேட்டேன்.
"படகு ஓட்டுற அம்மாதான். நேரா நின்னு சொல்லுங்க, மீதியை அவரே கண்டுபிடிச்சுக்குவார்னு சொன்னாங்க."
நாளை காலை, இவளோடு முதல் படகில் மறுகரைக்குப் போகிறேன்.