பத்ரூனை முதலில் படித்தது நான்

ஜூன் 12
நனைந்த சேலையோடு ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தால் எல்லோரும் கைதட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் துறையிலேயே வேலை பார்க்கும் கிருஷ்ணப்ரியாவின் கட்டுரையை சைப்ரஸ் கருத்தரங்குக்கு எடுத்துக்கொண்டார்களாம். பொருள்: பத்ரூன். சிலுவைப் போர்க் காலத்தில் லெபனான் கரையில் ஒரு குறுநிலப் பிரபு ஆண்ட சின்னத் துறைமுகம்.

எட்டு வருஷமாக என் ஆய்வேடே அதைப் பற்றித்தான். முடிக்காதது என் குற்றம், சரி. ஆனால் அந்த ஊர்ப் பெயரையே அவளுக்குச் சொன்னது யார்? நான்தானே? கேன்டீனில் பழம்பொரி தின்றுகொண்டு!

நானும் கைதட்டினேன்.

ஜூன் 13
தலைவலி. லீவு.

ஜூன் 20
வகுப்பில் பத்ரூன் கதையைச் சொன்னேன். பிரபுவுக்கு ஒரே மகள். அவளைக் கட்டுகிறவனுக்கு ஊர். அந்தச் சம்பந்தத்தை எதிர்பார்த்திருந்தவன் ஜெரார்டு என்ற வீரன். ஆனால் பிசா நகரத்து வியாபாரி ஒருவன் பெண்ணின் எடைக்குப் பொன் கொடுத்து அவளைக் கட்டினானாம். ஜெரார்டு அந்த வன்மத்தை விடவேயில்லை.

பெர்லின் என்ற மாணவி கேட்டாள்: "மிஸ், அவனுக்குப் பொண்ணு மேல ஆசையா, ஊரு மேலயா?"

"அடுத்தவனுக்குக் கிடைச்சிட்டே, அதுதான்" என்றேன். சொன்னதும் முகம் சுட்டது.

ஜூலை 3
"ஏட்டி ஜினிஷா, ஒருக்கா வாசிச்சுத் தா. பத்ரூன்னா நீதானே" என்று கட்டுரையைக் கையில் தந்துவிட்டுப் போனாள் ப்ரியா.

நல்ல கட்டுரை. அதுதான் தாங்கவில்லை. ஐந்தாம் பக்கத்தில் ஒரு தப்பு — அந்தப் பிசா வியாபாரியை ஜெனோவாக்காரன் என்று எழுதி, அதன்மேல் மூன்று பக்கம் வாதம் கட்டியிருக்கிறாள்.

பென்சிலை எடுத்தேன். கீழே வைத்தேன்.

ஜூலை 4
"நல்லாயிருக்கு. ஒண்ணும் மாத்தண்டாம்" என்றேன். கட்டிப்பிடித்தாள்.

ஏசப்பா, எனக்கு என்ன ஆச்சு?

ஆகஸ்ட் 29
திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிவிட்டாள். 'ஐந்தாம் பக்கம் பார்' என்று வாட்ஸ்அப்பில் அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். அழித்தேன்.

செப்டம்பர் 5
திரும்பி வந்துவிட்டாள். கேள்வி நேரத்தில் ஒரு கிழவர் எழுந்து, "அவன் பிசாக்காரன் அல்லவா?" என்று கேட்டாராம். அரங்கமே சிரித்ததாம்.

"நீ கவனிக்கல்லியா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"கவனிச்சேன்."

"பொறவு ஏன் சொல்லல்ல?"

"பொறாமை, ஏட்டி. வேற ஒண்ணுமில்ல."

ஏசவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏசியிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

செப்டம்பர் 6
பேசவில்லை.

அக்டோபர் 10
பேசவில்லை. ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. யாரிடம் சொல்ல?

நவம்பர் 21
அவளுடைய புதிய கட்டுரையை இப்போது ஷிஜின் சார்தான் திருத்துகிறார். என் எதிர்மேசையில். அவளும் பக்கத்தில் இருந்தாள்.

"ஜினிஷா மிஸ், ஜெரார்டு செத்தது எந்த வருஷம்?" என்றார் சார்.

"ஆயிரத்து நூற்றி எண்பத்தொன்பது. ஆக்கர் கோட்டை முற்றுகையில" என்றேன், அவளுக்கும் கேட்கும்படி.

ப்ரியா நிமிரவில்லை. ஆனால் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். சரிபார்க்கப் புத்தகத்தைத் தேடவில்லை.