பந்திப்பூரில் நீங்கள் அணைத்த தீ

மாமா,

காலையில் நம் ஈஜிபுரா தெருமுனையில் பெருக்கிய சருகுக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். காயப்போட்ட புடவையெல்லாம் புகை நாற்றம். திட்டிக்கொண்டே மறுபடி அலசப் போனவள் வாளி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை.

கூடலூருக்கு யாருடைய வீட்டுச் சாமானோ ஏற்றிப்போனோமே, அந்த நாள் ஞாபகம் வந்தது. கிளீனர் வராததால் குட்டி யானை வண்டியில் உங்கள் பக்கத்தில் நான். பெங்களூரைத் தாண்டியும் நீங்கள் வாயே திறக்கவில்லை. "பின்னாடி ஒரு பீரோ, முன்னாடி பூட்டின பீரோ ஒண்ணு" என்று சீண்டினேன். அதற்கும் சிரிப்பில்லை.

பந்திப்பூர் காட்டில் ரோட்டோரம் புல் எரிந்துகொண்டிருந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, நாம் குடிக்க வைத்திருந்த தண்ணீர் கேனோடு ஓடினீர்கள். மொத்தத்தையும் தீயில் கவிழ்த்துவிட்டீர்கள். புகைக்குள்ளிருந்து கையில் பச்சைக் கிளையோடு காட்டுக் காவலர் ஒருவர் வந்தார்.

"யஜமானரே, நாவே ஹச்சிரோது."

தீயை வைத்ததே அவர்கள்தானாம்.

"கவர்மெண்டு வச்ச தீய அணைச்ச ஒரே டிரைவர் எங்க வீட்டுக்காரர்தான் சார்" என்று நானும் கன்னடத்தில் எடுத்துவிட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோடை வெயில் ஏறுவதற்கு முன்னால் ரோட்டோரத்தை அவர்களே எரித்துவிடுவார்களாம். அப்புறம் பெரிய தீ வந்தாலும் பற்றிக்கொள்ள அங்கே ஒன்றும் இருக்காதாம்.

காலிக் கேனோடு வண்டியில் ஏறினீர்கள். சாவியைத் திருப்பவில்லை.

"ஆஸ்பத்திரியில கேஸ் டிரபுள்னு சொன்னாங்கன்னேன்ல. அது இல்ல."

"அப்புறம்?"

"ஈரல்ல கட்டி. மீதிய அப்புறம் சொல்றேன். மொத்தமா சொன்னா நீ தாங்க மாட்ட."

"இதையும் தவணையிலயா?" என்றேன். சிரிக்கத்தான் பார்த்தேன், வாய் கோணிக்கொண்டது.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னீர்கள். ஒருநாள், இனிமேல் வண்டி ஓட்ட முடியாது என்று. இன்னொரு நாள், மருந்து கேட்கவில்லை என்று. ஒவ்வொரு தடவையும் அழுதேன், உங்களை நாலு வார்த்தை கிண்டல் செய்தேன், எழுந்து உலை வைத்தேன். கடைசி நாளில் எனக்கு அழ ஒன்றும் மிச்சம் இருக்காது என்று நினைத்திருப்பீர்கள். தப்பு மாமா. நிறைய இருந்தது. இன்னும் தீரவில்லை.

ஆனால் அந்தச் சில மாதங்கள் நமக்குள் மறைக்க எதுவும் இல்லை. தெரிந்தே உங்கள் காலைப் பிடித்துவிட்டேன். தெரிந்தே சண்டையும் போட்டேன். அது மட்டும் எனக்குக் கிடைத்தது.

ஓசூரிலிருந்து மகள் தினமும் போன் செய்து எப்படி இருக்கிறாய் என்று கேட்பாள். "எனக்கென்ன, மகாராணி" என்பேன். உள்ளதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லும் உங்கள் பழக்கம் எனக்கு இன்றைக்குத்தான் வந்தது, அவள் போனில் கேட்டபோது.

"சோறாக்கவே பிடிக்கலடி. ஒரு வாரமா டீயும் பன்னும்தான்."

"சாயந்திரம் வரேம்மா" என்றாள்.

"வெறுங்கையோட வராத, குழம்போட வா" என்றேன்.