பதில் சொல்லாத சிப்

மார்ச் 4, புதன்
எங்கள் கால்நடைச் சாதனக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு இன்னொரு புகார். நாயின் தோலுக்கடியில் சொந்தக்காரரைக் காட்டும் அடையாளச் சிப் இருக்கிறது, படிக்கும் கருவியைக் காட்டினால் எண் வரவில்லை. "போட்ட அன்னைக்கு நல்லாத்தான் பேசுச்சு, இப்ப ஊமையாயிடுச்சு" என்றார் கால்நடை டாக்டரம்மா. ஒரே தயாரிப்புத் தொகுதியில் இது மூன்றாவது. முதலாவது ஜனவரியில் வந்தது. 'கருவியில் பேட்டரி குறைவு' என்று எழுதி அதை மூடியது யார்? சாட்சாத் நான்தான்.

மார்ச் 5, வியாழன்
மேலாளரிடம் சொன்னேன். "அஞ்சு வரட்டும்மா. மூணுக்கே டாக்டர்களுக்கு எச்சரிக்கை விட்டா சிப் கம்பெனிக்காரன் நம்மள உண்டு இல்லைன்னு பண்ணிடுவான்." அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமாம்.

மார்ச் 6
புகார் எதுவும் வரவில்லை. வரவில்லையே என்று எரிச்சல். எனக்கு என்ன ஆயிற்று?

மார்ச் 7, சனி
மனசு கேட்கவில்லை. ஜனவரிப் புகாரின் நாய்க்குச் சொந்தக்காரரைக் கூப்பிட்டேன் – தனியாக இருக்கும் தையல்காரம்மா. திங்கட்கிழமை கேட் திறந்திருந்த நேரத்தில் நாய் ஓடிவிட்டதாம். தேடினீர்களா?
"எதுக்கும்மா தேடணும்? அதான் சிப்பு இருக்கே, யாரு புடிச்சாலும் எனக்குத்தானே ஃபோன் வரும்? கோளாறு கருவிலதான்னு நீங்கதானே எழுதுனீங்க!"
ஐயோ. என்னை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். எண் காட்டாவிட்டால் சிப் இல்லாத நாய் என்றுதான் நினைப்பார்கள்; அப்படிப்பட்ட நாயை நாய்க் காப்பகத்தில் ஏழு நாள்தான் வைத்திருப்பார்கள். அப்புறம் கேட்கிறவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மார்ச் 8, ஞாயிறு
காலையிலிருந்து காப்பகம் காப்பகமாக ஃபோன். "ஞாயித்துக்கிழமையுமா ஊருக்கு உழைக்கணும்?" என்றார் வீட்டுக்காரர். எரிந்து விழுந்தேன், பாவம். ஒன்பதாவது காப்பகத்தில் இருந்தது, தையல்காரம்மா சொன்ன அதே அடையாளம்: பழுப்பு நிறம், இடது காது கிழிசல்.
"சிப் இல்லம்மா, மூணு தடவ பாத்துட்டோம். நாளைக்கு ஒரு குடும்பம் வந்து கூட்டிட்டுப் போறாங்க. சிப் செத்துப்போகும்னு உங்க ஆபீஸ் எழுத்துல குடுத்தா நிறுத்தி வைக்கறேன்."
அதற்கு மேலாளர் கையெழுத்து வேண்டும். மனிதர் ஃபோனையே எடுக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்
மேலாளர் காலையில் வரவில்லை. நானே எழுதிவிட்டேன். 'இந்தத் தொகுதிச் சிப்கள் செயலிழக்கின்றன. ஜனவரிப் புகாரை மூடியது என் தவறு.' கீழே என் கையெழுத்து. தையல்காரம்மாவிடமே கொடுத்துக் காப்பகத்துக்கு அனுப்பினேன். வேலை போனால் போகட்டும் – போகட்டுமா?

மார்ச் 11
"உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?" மேலாளர் போட்ட சத்தம் ஆபீஸ் முழுக்கக் கேட்டிருக்கும். கையில் மெமோ. என் கடிதம் காப்பகத்திலிருந்து டாக்டர்களிடையே கைமாறிக் கைமாறிப் போய்விட்டதாம்.

மார்ச் 20, வெள்ளி
புகார்கள் பதினான்கு. எல்லா டாக்டர்களுக்கும் எச்சரிக்கை போயிற்று, மேலாளர் கையெழுத்தில். மெமோ மட்டும் அப்படியே இருக்கிறது.
தையல்காரம்மா பேசினார். பின்னால் நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. நடுநடுவே "சும்மா இருடா" என்று அதட்டல். புது சிப் போட்டாகிவிட்டதாம். "இத நம்பலாமாம்மா?"
ஏழு வருஷமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். நம்பலாம் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
"மாசத்துக்கு ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிப் பாத்துக்குங்க" என்றேன். "கழுத்துல ஒரு பட்டை கட்டி உங்க நம்பரையும் எழுதிடுங்க."