கஞ்சிக் கிண்ணத்தில் வந்த டோனட்

ரமலான், வெள்ளி இரவு. சாரத்தில் எங்கள் வீடு.

மாடியில் குடியிருக்கும் ஷமீமாவுக்கு நோன்புக் கஞ்சி கொடுத்திருந்தேன். நோன்பு திறந்த பிறகு கிண்ணத்தைத் திருப்பித் தர வந்தாள். வெறும் கிண்ணமாகத் தரக்கூடாதென்று உள்ளே நாலு டோனட் வைத்திருந்தாள்.

"எண்ணெயில பொரிக்கல அக்கா. ஏர் ஃப்ரையர்ல வச்சேன், பத்து நிமிஷத்துல ஆயிடுச்சு. அண்ணன் பயப்படாம சாப்பிடலாம்."

இவளுக்கு எப்படித் தெரியும்? பொரித்த பண்டத்தைத் தொடக்கூடாது என்று டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சொன்னது எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும். நெஞ்சுவலி வந்ததைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியதே இவர்தான். பெற்ற அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. பெரிய ரகசியம்!

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவளை அனுப்பினேன். தொழுதுவிட்டு வந்தவருக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். ஏது இது என்று மனுஷர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்றைப் பிட்டு உள்ளே பார்த்தார்.

"போன தடவ நடுவுல மாவா இருந்துச்சு. இன்னிக்கு நல்லா வெந்திருக்கு."

டோனட் என்ற பண்டம் இந்த வீட்டு வாசற்படி ஏறியதே இன்றுதான்.