சீவலப்பேரி பஸ்ஸில் படித்த பாதி

இன்று காலை கல்லூரி ஆய்வகத்துக்கு வந்த மருந்துப் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். மேலாக இருந்த பி காம்ப்ளெக்ஸ் அட்டை நசுங்கி, மாத்திரைகள் உடைந்து தூளாகக் கிடந்தன. அந்த வாடை உனக்குத் தெரியும். நனைந்த தவிட்டு மூட்டையைப் பிரித்தால் வருமே, அந்த மாதிரி. மாத்திரைகளைச் சுமந்த உன் கைப்பை முழுக்க அதுதான் அடிக்கும். பக்கத்தில் நின்ற மாணவி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் அட்டையைக் கீழே வைக்காமல் அப்படியே நிற்பதைப் பார்த்து, "மேடம், தூரப் போட்டுறவா?" என்று கேட்டாள். "வேண்டாம், இருக்கட்டும்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். பெயர் போட்டுத் தொடங்க வரவில்லை. நாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே இல்லையே. நீ எனக்கு ஏட்டி, நான் உனக்கு ஏட்டி. பி.பார்ம் படித்த காலம் முழுக்க, வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும்தான் உன் பெயர் என் காதில் விழும்.

படிப்பு முடிந்த கையோடு முதுகலை நுழைவுத் தேர்வு எழுதுவது என்று இருவருமாக முடிவெடுத்தோம். சென்னைக்குப் போய்ப் பயிற்சி வகுப்பில் சேர நம் இரண்டு வீட்டிலும் தோது இல்லை. வீட்டில் உட்கார்ந்து படிக்கவும் வழியில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில், நான் புத்தகத்தைத் திறந்தால் போதும், என் கல்யாணப் பேச்சை யாராவது தொடங்கிவிடுவார்கள். சீவலப்பேரியில் உன் வீட்டிலோ, வருகிறவர் போகிறவர் எல்லாரும் "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டே உன்னை நோயாளியாக்கிவிடுவார்கள். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் உன் இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. அது ஊருக்கே தெரியும்.

அப்போதுதான் நீ அந்த யோசனையைச் சொன்னாய். "டவுன் பஸ்ல பொம்பளையளுக்கு டிக்கெட் கெடையாதுல்லா. ஞாயித்துக்கெழம பூரா அதுலயே போய்ட்டு வருவோம்." நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாளை பஸ் நிலையத்தில் உனக்கு முன்னால் போய் நின்றது நான்தான்.

பாடத்தையும் நீதான் பாதியாகப் பிரித்தாய். மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்கிற பார்மகாலஜி உனக்கு. மருந்து எதனால் ஆனது, அதை எப்படிச் சோதிப்பது என்கிற கெமிஸ்ட்ரி எனக்கு. அவரவர் பாதியை வாரம் முழுக்கப் படித்துக்கொண்டு வர வேண்டும். சீவலப்பேரிக்குப் போகும்போது நீ சொல்ல வேண்டும், நான் கேட்க வேண்டும். திரும்பி வரும்போது நான் சொல்ல, நீ கேட்க வேண்டும். பஸ்ஸில் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. அடுத்தவள் பாதியை வீட்டிலும் தொடக் கூடாது. "ரெண்டு பேரும் எல்லாத்தையும் படிச்சா ஒருத்தியும் ஒண்ணையும் படிக்க மாட்டோம்ட்டி" என்றாய். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒருத்தி இல்லாமல் போனால் பாதிப் பாடமும் அவளோடு போய்விடும் என்று அந்த வயதில் யாருக்குத் தோன்றும்?

நான் பாடம் சொன்னால் எழுதிவைத்ததை வாசிப்பது போலத்தான் இருக்கும். நீ சொன்னால் பஸ்ஸே கேட்கும். அட்ரோபின் என்கிற மருந்து என்ன செய்யும் என்பதை நம் கண்டக்டரை வைத்தல்லவா சொல்லிக்கொடுத்தாய். "சித்திரை வெயில்ல மத்தியான டிரிப்பு ஓட்டுத மனுசனப் பாரு. வாய் காஞ்சு போயிருக்கு. மூஞ்சி செவந்திருக்கு. கண்ணு விரிஞ்சிருக்கு. நெஞ்சு படபடங்கு. அவசரத்துக்கு ஒதுங்கவும் வழியில்ல. அதாம்ட்டி அட்ரோபின்." பின்னால் நின்ற கண்டக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏ பிள்ளைகளா, பரிச்சையில எம் பேரையும் எழுதிராதிய" என்று சொல்லிக்கொண்டே போனார்.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். நீ பஸ் நிலையப் படிக்கட்டில் நின்று மூச்சு வாங்கினால் வண்டியைப் பிடிக்க முடியாதே என்று எரிந்து விழுவேன். "பைய வாரேன்ட்டி, பஸ்ஸு எங்க போயிரும்" என்பாய். மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொல்லியிருந்த சமயம் அது. "எதுக்குட்டி இம்புட்டுப் பாடு படுத?" என்று ஒரு நாள் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாய். "சின்னப் பிள்ளையிலேருந்து எம் பேரு ஆஸ்பத்திரிச் சீட்டுலதான் வந்திருக்கு. ஒரே ஒரு தடவ பாஸானவங்க லிஸ்ட்டுல வரட்டும். பொறவு என்ன ஆனாலும் ஆவட்டும்." வாயைக் கழுவு என்று உன்னைத் திட்டினேன். ஆனால் அதற்குப் பிறகு உனக்குச் சொல்லித்தரும் கெமிஸ்ட்ரியை இன்னும் கவனமாகப் படிக்கத் தொடங்கினேன்.

பார்மகாலஜியைக் கரைத்துக் குடித்தவள் நீ. ஆனாலும் ஒரு பாடத்தை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தாய். இதயச் செயலிழப்புக்கான மருந்துகள். ஒவ்வொரு வாரமும் நான் கேட்பேன். ஒவ்வொரு வாரமும் நீ சிரித்துக்கொண்டே, "அது நம்ம வீட்டுப் பாடம்லா, எப்ப வேணாலும் பாத்துக்கிடலாம்" என்பாய். தினமும் விழுங்குகிற மாத்திரைகள்தானே, உனக்கு என்ன கஷ்டம் என்று நானும் விட்டுவிடுவேன். அந்தப் பாடத்தின் கடைசிப் பத்தியில், இந்த நோய் முற்றியவர்கள் எத்தனை வருடம் இருப்பார்கள் என்ற கணக்கு இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது உன்னைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மத்தியானம் பார்வையாளர்களை விடும் நேரத்தில் வந்தேன். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். படுத்தால் உனக்கு மூச்சு முட்டியது. உன் அம்மா வயல் வேலையிலிருந்து அப்படியே வந்தவர், கட்டிலின் அடியில் வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். நீ கட்டில் ஓரத்தைத் தட்டிக் காட்டினாய்.

"உக்காரு. இன்னைக்கு அந்தப் பாடத்த எடுப்போம்."

"சும்மா கெட. புத்தகங்கூடக் கொண்டுவரல."

"புத்தகம் எதுக்கு? நாந்தான் இருக்கேம்லா" என்றாய்.

போர்வையை விலக்கிக் காலைக் காட்டினாய். கணுக்காலில் விரலை வைத்து அமுக்கச் சொன்னாய். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. "நெஞ்சு சரியாத் தள்ளலைன்னா தண்ணி இங்கன வந்து தங்கும். இந்த ஊசி அத மூத்திரமா எறக்குது. எறக்கும்போது பொட்டாசியத்தையும் சேத்து வெளிய தள்ளிரும். அது கொறஞ்ச நேரத்துல, நெஞ்சுக்குக் குடுக்குத டிஜாக்சின் மாத்திரை உள்ள போச்சுன்னா வெசமாயிரும். அதுக்குத்தான் அம்மா வாழப்பழத்தத் தூக்கிட்டு அலையுதா." பிறகு கையை நீட்டினாய். "நாடியப் பிடி. ஒரு நிமிசம் முழுசா எண்ணு. அறுவதுக்குக் கீழ போனா அந்த மாத்திரையக் குடுக்கக் கூடாது. எல்லாம் மஞ்சளாத் தெரியுதுன்னு நான் சொன்னாலும் குடுக்கக் கூடாது. சிஸ்டர்கிட்ட போய்ச் சொல்லணும்."

நான் எண்ணினேன். உன் நாடி ஒரு சீராக இல்லை. ஓடி ஓடி நின்றது. எண்ணிக்கை தவறி இரண்டு தடவை முதலிலிருந்து தொடங்கினேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். உனக்கு அது தெரிந்துதான் இருந்தது. "அழுதா மறந்துரும்ட்டி" என்று மட்டும் சொன்னாய். இடையில் இரண்டு தடவை பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கினாய். ஆனால் பாடத்தை முடித்துவிட்டுத்தான் சாய்ந்தாய்.

அதற்கு மறுநாள் விடிவதற்குள் நீ போய்விட்டாய். செய்தி வந்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். சீவலப்பேரி ஆற்றங்கரைக்கு உன்னைக் கொண்டுபோனபோது பெண்களோடு தெரு முனைவரைதான் வந்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன நினைத்து அந்த பஸ்ஸில் ஏறினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கண்டக்டர், "என்னம்மா, ஒத்தையா வாரிய?" என்றார். சொன்னேன். அவர் அந்த டிரிப் முழுக்க என் பக்கத்து இருக்கையில் யாரையும் உட்கார விடவில்லை. கூட்டம் இருந்தது. ஒரு பெரியவர் சண்டைக்கு வந்தார். கண்டக்டர் அவரைத் தன் இருக்கையில் உட்காரவைத்தார்.

உன் பாதியை முதல் தடவையாகப் புத்தகத்தில் திறந்தேன். ஒரு வரி மண்டையில் ஏறவில்லை. எரிச்சலில் மூடிவைத்துவிட்டு, நீ சொன்ன மாதிரியே உன் பேச்சில் முணுமுணுக்கத் தொடங்கினேன். சீவலப்பேரி போய்ச் சேர்வதற்குள் மூன்று பாடம் வந்துவிட்டது. எல்லாம் உன் குரலில் இருந்தது. எங்கே நீ சிரித்தாய், எங்கே மூச்சு வாங்க நிறுத்தினாய் என்பதுகூட வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

தேர்வில் பொட்டாசியம் பற்றிய கேள்வி வந்தது. அதைப் படித்ததும் கட்டிலடியில் இருந்த பழச்சீப்புதான் கண்ணில் வந்தது. விடையைக் குறித்துவிட்டு, கணினித் திரையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். மேற்பார்வையாளர் வந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

முடிவு வந்ததும் உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தார். நடவு வேலை முடிந்து வந்திருந்ததால் முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது.

"எனக்கு எடம் கெடச்சிரும்மா" என்றேன்.

"சந்தோசம் மக்ளே. நல்லாயிரு" என்றார். குடத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "எம்மவ எழுதியிருந்தா, அவளுக்கும் கெடச்சிருக்குமா?"

ஆறுதலுக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. விடைக்குறிப்பு வெளிவந்த அன்றே ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்திருந்தேன். "நானும் அவளும் பாடத்த ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிட்டோம்மா. எம் பாதியில நான் நெறைய கோட்ட விட்டுட்டேன். அவ சொல்லித்தந்த பாதியிலதான் மார்க்கெல்லாம் வந்திருக்கு. அவ பாதி இல்லன்னா எனக்குக் கெடச்சிருக்காது."

உன் அம்மா குனிந்து குழாயை மூடினார். "அப்ப அவ பாஸுதான்னு சொல்லு."

"பாஸுதாம்மா."

அடுத்துக் குடம் வைக்க நின்ற பெண்ணிடம் திரும்பி, "எம்மவ பாஸாயிட்டாளாம்" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உன் அம்மா முன்னால் நடந்தார். வீட்டுக்குள் போன பிறகுதான் அழுதார். நானும் அழுதேன்.

சேர்க்கையின்போது எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டார்கள். கெமிஸ்ட்ரி என்று சொல்லத்தான் வீட்டிலிருந்து கிளம்பினேன். வாயில் வந்தது பார்மகாலஜி. அப்பா கோபத்தில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது அதைத்தான் கல்லூரியில் நடத்துகிறேன். இதயச் செயலிழப்பு வந்தால் என் பேச்சு என்னை அறியாமல் உன் பேச்சாகிவிடுகிறது. "மேடம், இந்தப் பாடத்துக்கு மட்டும் ஏன் இப்படிப் பேசுதிய?" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். எங்கூடப் படிச்சவ இப்படித்தான் சொல்லித்தந்தா என்பேன். அவர்களுக்கு அது போதும்.

போன வாரம் ஒரு மாணவி கெமிஸ்ட்ரியில் ஏதோ சந்தேகம் கேட்டு வந்தாள். ஒரு காலத்தில் நான் உனக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் சொல்லித்தந்த பாடம்தான். எனக்கு ஒன்றும் நினைவில்லை. வேறு ஆசிரியரிடம் அனுப்பினேன். என் பாதி எனக்கு முக்கால்வாசி மறந்துவிட்டது. உன் பாதியில் ஒரு வரிகூட மறக்கவில்லை, ஏட்டி.