மூடிய கீழறைகளில் ரேடான் வாயுவை மறுபடி அளக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
குன்றுச் சரிவுக் குடியிருப்பின் கடைசி வரிசையில் வசிப்பவர்,
மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் பணியாளர்.

பெறுநர்:
உயர்திரு சுகாதார அலுவலர் அவர்கள்,
நகர சுகாதார அலுவலகம்.

பொருள்: எங்கள் வீடுகளில் ரேடான் வாயுவால் ஆபத்தில்லை என்று தங்கள் அலுவலகம் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறவும், கீழறைகளை மூடிவைத்து மறுபடி அளக்கவும், அந்த வாயுவைப் பற்றிக் குடியிருப்போருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலகம் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தவறு நடந்தது எங்கள் பக்கம். அந்தத் தவறுக்கு முத்திரை குத்தியது தங்கள் பக்கம். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

1. என் தங்கை துணிகளில் மணியும் ஜரிகையும் வைத்துத் தைப்பவள். சென்ற மழைக்காலத்தில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தாள். அவள் புகை பிடித்ததில்லை. லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் கணவருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. அப்படியிருந்தும், "புருஷன் ஊதித் தள்ளியிருப்பான், பாவம், இவ வாங்கிக் கட்டிக்கிட்டா" என்று துக்கம் கேட்க வந்த இடத்திலேயே பேசினார்கள். அது அவர் காதில் விழுந்தது. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

2. புகைப் பழக்கமே இல்லாமல் இந்தச் சரிவிலிருந்து இந்த நோயோடு வந்தவர்களில் என் தங்கை மூன்றாவது ஆள் என்பதைக் கவனித்து, அவளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்தான் தங்களுக்கு எழுதினார். பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ரேடான் என்ற வாயு கசிகிறது, தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் வருகிறது, காற்றுப் புழங்காத கீழறைகளில் தேங்குகிறது என்று அவர் எனக்கு விளக்கினார். அதற்கு நிறமில்லை, வாசமில்லை. வருடக்கணக்கில் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும். தங்கையின் நோய்க்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, அளந்து பார்த்துவிடுவது நல்லது என்றார்.

என் தங்கையின் வேலை அறை பாதி மண்ணுக்குள் இறங்கிய அறை. மின்விசிறி போட்டால் ஜரிகை பறக்கும். ஜன்னலைத் திறந்தால் வெள்ளைத் துணியில் தூசி படியும். கல்யாணமாகி வந்ததிலிருந்து விசிறியை நிறுத்தி, ஜன்னலை மூடிவைத்துத்தான் அவள் தைத்தாள்.

3. சில நாள் வீட்டில் வைத்திருந்தால் வாயுவின் அளவைப் பதிந்துகொள்ளும் டப்பாக்கள் தங்கள் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு ஒன்றாக வந்தன. அரசாங்கத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்றால் எங்கள் தெருவில் என்ன நடக்கும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. வீட்டுக்கு வீடு தரையைக் கழுவினார்கள். ஒட்டடை அடித்தார்கள். கதவு ஜன்னல்களை விரியத் திறந்துவைத்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர், நல்ல காற்றோட்டமாக இருக்கட்டும் என்று டப்பாவை மொட்டை மாடியில் நிழல் பார்த்து வைத்தார். ரொட்டிக்கடைக்காரர் மனைவி அதைப் பாலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி, பீரோவில் வைத்துப் பூட்டினார். "சர்க்கார் சாமான், ஒரு கீறல் விழுந்தாலும் யார் பதில் சொல்றது" என்றார். தங்கை வீட்டிலும் டப்பா கீழறைக்கு இறங்கவில்லை. கூடத்து ஜன்னலோரம், நல்ல கோப்பைகள் அடுக்கியிருக்கும் அலமாரியில் இருந்தது. மாப்பிள்ளை அழைப்பு மாதிரி அத்தனை உபசாரம் நடந்தது ஐயா. எந்தக் காற்றை அளக்க வந்தார்களோ அதை நாங்களே வெளியே அனுப்பிவிட்டோம்.

4. டப்பாக்களைத் திரும்ப வாங்க வந்த பெண் ஊழியர் வாசலிலேயே நின்றுவிட்டார். "எல்லா வீட்லயும் ஜன்னல் இப்படித் திறந்தேவா இருந்துச்சு? கீழ் ரூம்ல வச்சு, மூடிவச்சில்ல பாக்கணும்" என்றார். பிறகு, அதை முன்பே சொல்லும்படி தன்னிடமும் யாரும் சொல்லவில்லை என்றார். டப்பாவின் அடியில் ஏதோ அச்சிட்டிருந்தது. அது எங்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரிந்த மொழி இல்லை. அந்தப் பெண் தற்காலிக ஊழியர், தோளில் ஒரு மூட்டை டப்பாவோடு வெயிலில் அலைந்தவர். அவர்மேல் நடவடிக்கை எடுக்க இந்த மனுவைக் காரணமாக்க வேண்டாம் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

5. அடுத்த மாதம் தங்கள் கடிதம் வந்தது: இக்குடியிருப்பில் ரேடான் அளவு பாதுகாப்பான வரம்புக்குள் உள்ளது. தெரு நிம்மதியாகத் தூங்கப் போயிற்று. கூடவே, வாயு இல்லையென்றால் புகைதானே என்று பழைய பேச்சும் திரும்பி வந்தது.

தங்கையின் கணவர் அந்தக் கடிதத்துக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். எனக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. பழி தன்மேல் விழுகிறதே என்ற உணர்வு கூடவா இல்லை என்று கேட்டேவிட்டேன். அவர் சொன்னது இது: "ஊர் என்னை என்ன வேணா சொல்லட்டும் அக்கா. அந்த ரூமைக் கட்டினது நான். தரையில ஒவ்வொரு கல்லும் என் கையால பதிச்சேன், அவ உக்காந்து தைக்கட்டும்னு. அதுல ஒண்ணும் இல்லைன்னு கவர்மெண்டே சொல்லிடுச்சு." தங்கள் கடிதம்தான் இப்போது அவரைத் தாங்கி நிறுத்துகிறது. அதைப் பிடுங்கச் சொல்லித்தான் இந்த மனுவை எழுதுகிறேன் என்பது எனக்குத் தெரியும். மனசாரத் தெரிந்தே எழுதுகிறேன்.

6. ஆகவே தாங்கள் செய்ய வேண்டுவன: அந்தக் கடிதம் செல்லாது என்று எழுத்தில் அறிவியுங்கள். கதவு ஜன்னல்களை மூடிவைத்து, ஆட்கள் வேலை செய்கிற, தூங்குகிற கீழறைகளிலேயே அளக்க ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு முன், விஷயம் தெரிந்த ஒருவரை எங்கள் தெருவுக்கு அனுப்பி, வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பிய பிறகு, ஒரு வீட்டுக்குள் டப்பாவை வைத்தே காட்டச் சொல்லுங்கள். துண்டுப் பிரசுரம் மட்டும் கொடுத்தால் அதில் வடை மடித்துவிடுவோம். இது வீடு சுத்தமா என்று பார்க்கிற பரிசோதனை அல்ல, வாயு இருந்தால் யாருக்கும் அவமானமில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். விரிசலை அடைக்கலாம், தரைக்கு அடியிலிருந்து குழாய் வைத்து விசிறியால் வாயுவை வெளியே இழுத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னார். வழி இருக்கிறது என்று தெரிந்தால் எங்கள் ஆட்கள் பயப்படமாட்டார்கள்.

7. கடைசியாக, நான் அவசரப்படுவதற்கான காரணம். என் தங்கைக்கு எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவள் இப்போது அந்தக் கீழறையில்தான் படுக்கிறாள். என் வீட்டுக்கு வந்து என்னோடு படு என்று கெஞ்சிப் பார்த்தேன், வரவில்லை. போன வாரம் நானே போய் ஜன்னலைத் திறந்தேன். ஓடிவந்து, நான் கையை விலக்கியும் கேட்காமல் சாத்திவிட்டாள். "திறக்காதீங்க பெரியம்மா, அம்மா வாசம் போயிடும்" என்றாள். அவள் அப்பாவோ சுவரில் இருக்கிற கடிதத்தைக் காட்டுகிறார்.

அந்த வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பில்லை, தங்கள் முத்திரைக்கு இருக்கிறது. தாங்களே நேரில் வந்து அந்த அறையை அளக்க வேண்டும். வரும் முடிவு எதுவானாலும், ஜன்னலைத் திறக்கலாமா கூடாதா என்று அந்தக் குழந்தையிடம் தாங்களே சொல்ல வேண்டும். என்னால் இன்னொரு முறை அவள் கையை விலக்க முடியாது.

தங்கள் வருகையை எதிர்பார்த்து,

(கையொப்பம்)
இறந்தவளின் அக்கா

இடம்: குன்றுச் சரிவு, கடைசி வரிசை
நாள்: மாதத்தின் முதல் திங்கட்கிழமை